நூறு சொட்டு மருந்தும் ஒன்பது வீட்டுக் கோழிகளும்

மருந்தைக் கலக்கிவிட்டால் 2 மணி நேரம்தான். அதற்குள் எல்லாக் கோழிக்கும் போட்டு முடித்துவிட வேண்டும். அதனால் அன்றைக்கு விடிவதற்கு முன்பே எங்கள் தெருவில் நடமாட்டம் தொடங்கிவிட்டது. ஒருவர் பஞ்சாரத்தோடு வந்தார். ஒருவர் அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு அதில் கொண்டுவந்தார். மூலைவீட்டு அக்கா பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கோழிகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடந்தே வந்தார். எங்கள் வீட்டுத் திண்ணையில் ஐஸ் போட்ட தூக்குவாளி. அதற்குள் விரல் நீளத்தில் ஒரு குப்பி. 100 கோழிக்கான நோய்த் தடுப்பு மருந்து அது. என்னிடம் அப்போது இருந்தவை 11 கோழிகள்.

நகரத்துக்குள் கோழி வளர்க்க ஆசைப்படுகிறேன், என்ன செய்ய வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் அந்தக் குப்பியைப் பற்றித்தான் முதலில் சொல்கிறேன். கூண்டு எப்படிக் கட்டுவது, என்ன தீனி வைப்பது என்பதெல்லாம் பிறகு. இணையத்தில் அவை கொட்டிக் கிடக்கின்றன. குப்பியைப் பற்றி யாரும் சொல்வதில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை. அதற்கு நான் கொடுத்த விலை 14 கோழிகள்.

நாங்கள் இருப்பது திருச்சி உறையூரில். கோழி வளர்க்க இதைவிடப் பொருத்தமான ஊர் இருக்க முடியாது. உறையூருக்குக் ‘கோழி’ என்றே ஒரு பழைய பெயர் உண்டு. யானையோடு மோதி அதை விரட்டிய கோழியை இந்த மண்ணில் பார்த்த சோழ மன்னன் இங்கேயே தலைநகரை வைத்தான் என்பது கதை. அந்தக் கோழியூரில் இன்று வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டிக்கிடக்கிறது. எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே 4 அடி அகலத்தில், 18 அடி நீளத்தில் ஒரு சந்து. கொல்லையில் ஒரு முருங்கைமரம். எங்களுக்கு இருக்கும் மண் அவ்வளவுதான்.

5 வருடத்துக்கு முன்பு என் மாமியார் முசிறிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து எங்களோடு இருக்க வந்தபோது, துணிமூட்டையோடு 4 பெட்டையும் 1 சேவலும் வந்தன. சிறுவிடைக் கோழிகள். உடம்பு சிறியது, கால் குட்டை, அடைகாப்பதில் கெட்டிக்காரி. அத்தை வாழ்நாள் முழுக்கக் கோழி வளர்த்தவர். ஆனால் ஊரில் கோழி தானாகவே வளரும். காலையில் திறந்துவிட்டால் குப்பைமேடு, வைக்கோல்போர், வேலியோரம் எல்லாம் சுற்றி வயிற்றை நிரப்பிக்கொண்டு பொழுதுசாய வந்து அடையும். இங்கே திறந்துவிட்டால் நேரே ஷேர் ஆட்டோ சக்கரத்துக்குத்தான் போக வேண்டும்.

சரி, மொட்டைமாடியில் வைப்போம் என்று நான்தான் சொன்னேன். தகரக் கொட்டகை போட்டோம். தை, மாசி வரை எல்லாம் நன்றாகப் போனது. சித்திரையில்தான் தெரிந்தது என்ன தவறு செய்தோம் என்று. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் உடம்புச் சூட்டை வெளியேற்ற முடியும். திருச்சி வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் மேலே தகரமும் கீழே கான்கிரீட்டும் சேர்ந்து அடுப்பு மாதிரி ஆகிவிடும். கத்திரி தொடங்கிய வாரமே ஒரு மத்தியானம் இரண்டு பெட்டைகள் இறக்கையை விரித்தபடி படுத்துக் கிடந்தன. நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடியபோது ஒன்று போய்விட்டது. இன்னொன்று சாயங்காலம் போனது.

அன்றே கூண்டைக் கீழே சந்துக்கு இறக்கினோம். முருங்கை நிழல், மேலே தென்னங்கீற்று, கீழே மண். வெயில் காலத்தில் மண்சட்டியில் தண்ணீர், மத்தியானம் கொஞ்சம் நீர்மோர். அதற்குப் பிறகு வெயிலில் ஒரு கோழியும் சாகவில்லை. மாடியில் கோழி வளர்க்க முடியாது என்று நான் சொல்ல வரவில்லை. கீற்றோ ஓலையோ போட்டு, நாலுபக்கமும் காற்று புகுந்து வெளியேற வழிவிட்டு வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். தகரம் மட்டும் வேண்டாம்.

கீழே இறக்கியதும் வேறொரு பிரச்சினை வந்தது. மாடியில் இருந்தவரை சேவல் கூவினால் சத்தம் வானத்தோடு போயிற்று. சந்தில் கூவினால் பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்குள் போனது. அந்த வீட்டு அம்மாவின் மகன் வெளிநாட்டுக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே ராத்திரி வேலை பார்க்கிறார். ஒருநாள் அந்த அம்மா வாசலில் நின்று தயங்கித் தயங்கிச் சொன்னார்: “தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. பையன் மூணு மணிக்குத்தான் கம்ப்யூட்டரை மூடிட்டுப் படுக்கிறான். மூன்றரைக்கு உங்க சேவல் ஆரம்பிச்சிடுது.”

எனக்கு மிகவும் சங்கடமாகிவிட்டது. சேவல் வெளிச்சம் பார்த்துக் கூவுகிறது என்று நினைத்து முதலில் கூண்டைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டினேன். பயனில்லை. ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டிருக்கிறார்கள். சேவலை மங்கிய வெளிச்சத்திலேயே நாள் முழுக்க வைத்தாலும் அது உடம்புக்குள் இருக்கும் கடிகாரத்தை வைத்து விடியலுக்கு முன்பே கூவுகிறது. துணி கட்டி அந்தக் கடிகாரத்தை நிறுத்த முடியாது.

யோசித்துப் பார்த்தேன். ஒரு மனிதரின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டு நான் முட்டை எடுப்பதில் நியாயம் இல்லை. சேவலைக் கொடுத்துவிடலாம் என்றதும் அத்தைக்குக் கோபம் வந்தது. “சேவல் இல்லாத வீட்டுல கோழி எதுக்கு?” என்றார். முட்டைக்குச் சேவல் தேவையே இல்லை, சேவல் இல்லாமலும் பெட்டை முட்டையிடும், அந்த முட்டையில் குஞ்சு மட்டும் வராது. இது அத்தைக்குத் தெரியாதது அல்ல. நகரத்தில் பலருக்கு இது தெரியவில்லை, என்னிடம் கேட்டவர்களே நிறைய பேர். அத்தையின் கேள்வி வேறு. குஞ்சு பொரிக்காத கோழி வளர்ப்பு அவருக்கு ஒரு வளர்ப்பே இல்லை.

கடைசியில் குழுமணி சாலையில் வயலை ஒட்டிக் குடியிருக்கும் எங்கள் உறவினர் வீட்டுக்குச் சேவல் போயிற்று. அங்கே அவர்களுடைய பெட்டைகள் இடும் கருமுட்டையை வாங்கிவந்து எங்கள் அடைக்கோழிக்கு வைக்கிறோம். ஒரு கூடையில் மணல், அதன்மேல் வைக்கோல், 12 முட்டை, ஓரத்தில் ஒரு இரும்புத்துண்டும் அடுப்புக்கரியும் இரண்டு வரமிளகாயும். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகாமல் இருக்க இரும்பும் கரியும் என்பது அத்தையின் நம்பிக்கை. அவர் வைக்கும்போது நான் குறுக்கே பேசுவதில்லை. 7ஆம் நாள் ராத்திரி செல்போன் வெளிச்சத்தில் ஒவ்வொரு முட்டையாகப் பிடித்துப் பார்ப்போம். சிலந்தி மாதிரி ரத்தநாளம் தெரிந்தால் கரு இருக்கிறது. 21ஆம் நாள் குஞ்சு. பொரித்த குஞ்சில் பாதி சேவலாகத்தான் இருக்கும். கூவத் தொடங்கும் வயது வந்ததும் அவையும் குழுமணிக்குப் போகும். ஆடியில் கோயிலுக்கு நேர்ந்துகொண்டவர்கள் இன்ன நிறம் வேண்டும் என்று தேடி வருவார்கள். கறுப்புச் சேவலுக்கும் செஞ்சேவலுக்கும் அப்போது நல்ல விலை.

இதையெல்லாம் சமாளித்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தபோதுதான் அந்தப் பொங்கல் வந்தது.

16 கோழிகள் இருந்தன. சந்தையில் ஒரு கழுத்தில்லாக் கோழியைப் பார்த்தேன், கிராப்புக் கோழி என்பார்களே, கழுத்தில் இறகே இல்லாமல். வெயில் தாங்கும் இனம் என்று படித்திருந்தேன். ஆசைப்பட்டு வாங்கிவந்து அன்று மாலையே மற்றக் கோழிகளோடு கூண்டில் விட்டேன். புதுக் கோழியை இரண்டு மூன்று வாரமாவது தனியே வைத்துப் பார்க்க வேண்டும். எனக்கு அது தெரிந்தே இருந்தது. தனிக் கூண்டு இல்லை, இடம் இல்லை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் அது இரை எடுக்கவில்லை. ஆறாம் நாள் வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்தது. பிறகு ஒவ்வொன்றாகச் சுருண்டு உட்கார்ந்தன. சில கோழிகளுக்குக் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது, தலையைத் தூக்க முயன்று முயன்று விழுந்தன. வெள்ளைக் கழிச்சல். புத்தகப் பெயர் ராணிக்கெட் நோய். அத்தை சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி, சின்ன வெங்காயம், பூண்டு எல்லாம் அரைத்து உருட்டி ஒவ்வொன்றின் வாயிலும் ராத்திரி பகலாக ஊட்டினார். கால்நடை மருத்துவரிடம் ஓடினேன். அவர் பொறுமையாகச் சொன்னார், இது வைரஸ், வந்தபிறகு குணப்படுத்தும் மருந்து இல்லை, வராமல் தடுக்கும் மருந்துதான் உண்டு. “தடுப்பூசி போட்டீங்களா?” என்றார். இல்லை. பத்து நாளில் 14 கோழிகளைச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். முசிறியிலிருந்து வந்த முதல் ஐந்தில் மிச்சமிருந்த இரண்டு பெட்டைகளும் அதில் அடக்கம். அத்தை அன்றைக்குச் சாப்பிடவில்லை.

தடுப்பூசியை நான் அலட்சியம் செய்ததாக அந்த மருத்துவர் நினைத்திருக்கலாம். நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன். நாட்டுக்கோழிக்கு அட்டவணை எளிதுதான். குஞ்சு பொரித்து 7ஆம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, 28ஆம் நாள் மறுபடி ஒரு சொட்டு, 8ஆம் வாரம் ஓர் ஊசி. ஆனால் சொட்டு மருந்துக் குப்பி 100 கோழிக்கு, 200 கோழிக்கு, 500, 1000 என்றுதான் வருகிறது. பண்ணைக்காக அடைக்கப்பட்ட மருந்து அது. கடையிலிருந்து வீடு வரும்வரை குளிர் குறையக் கூடாது. உடைத்துக் கலக்கினால் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்க முடியாது. 9 குஞ்சு வைத்திருப்பவள் 100 கோழி மருந்தை வாங்கி 91ஐக் கொட்ட வேண்டும் என்றால் யோசிக்கத்தான் செய்வாள். நானும் அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன்.

நகரத்துக் கோழி வளர்ப்பில் ஆகப் பெரிய சிக்கல் இதுதான் என்று நான் நம்புகிறேன். மருந்து, மானியம், பயிற்சி எல்லாமே பெரிய எண்ணிக்கையை மனதில் வைத்து அமைந்திருக்கின்றன. தமிழ்நாடு அரசின் நாட்டுக்கோழிப் பண்ணைத் திட்டம் 250 கோழிக்கானது. அதற்கு 625 சதுர அடி இடம் காட்ட வேண்டும். எங்கள் தெருவில் பல வீடுகளே அவ்வளவு பெரியவை இல்லை. இங்கிருந்து 2 மணி நேரப் பயணத்தில் இருக்கும் நாமக்கல்லில் லட்சக்கணக்கில் கோழி வைத்திருப்பவருக்கு எல்லா வசதியும் வாசலுக்கு வரும். 10 கோழிக்காரரை யார் கணக்கில் வைப்பார்கள்? ஒன்றை மட்டும் மறக்காமல் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வருடமும் பிப்ரவரியில் கால்நடைத் துறை இரண்டு வாரம் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. 8 வாரம் தாண்டிய கோழிக்கு இலவசமாக ஊசி போடுவார்கள். வெயிலோடு சேர்ந்து நோய் பரவும் என்பதால் அதற்கு முன்பே வைக்கிறார்கள். அந்த வருடம் எங்கள் கோழிகள் ஜனவரி கடைசியில் செத்தன.

பிழைத்தவை மூன்று. அவற்றை வைத்துக்கொண்டு மறுபடி தொடங்கலாமா வேண்டாமா என்று இரண்டு மாதம் யோசித்தோம். அப்போது மூலைவீட்டு அக்கா வந்து துக்கம் கேட்பது போலக் கேட்டுவிட்டுப் போனார். அவருக்கும் அதே மாதத்தில் ஆறு கோழிகள் போயிருந்தன. பின்தெருவில் ஒரு வீட்டில் எட்டு. அதுவரை எனக்குத் தெரியாது, எங்களைச் சுற்றி இத்தனை வீட்டில் கோழி இருக்கிறது என்று. எல்லோரும் சத்தம் காட்டாமல், யாராவது புகார் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் கொல்லைக்குள் ஒளித்து வளர்த்துக்கொண்டிருந்தோம். ஒளிந்திருந்ததால் ஒருவருக்கொருவர் உதவ முடியவில்லை. ஆனால் நோய் மட்டும் காகத்தின் காலிலும் செருப்பிலும் ஒட்டிக்கொண்டு எல்லா வீட்டுக்கும் போய்விட்டது.

ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போனேன். மூன்று தெருவில் ஒன்பது வீடு. மொத்தம் 73 கோழிகள். ஒரு குப்பிக்குக் கணக்குச் சரியாக வந்தது.

கொட்டப்பட்டில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் ஒன்று இருக்கிறது. அங்கே ஒருநாள் நாட்டுக்கோழிப் பயிற்சிக்கு நானும் மூலைவீட்டு அக்காவும் போனோம். குஞ்சை எப்படிப் பிடிப்பது, சொட்டு உள்ளே போனதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்றெல்லாம் கேட்டுக்கொண்டோம். கண்ணில் சொட்டு விட்டதும் கோழி ஒருமுறை கண்ணை மூடித் திறக்கும், அதுவரை பிடியை விடக் கூடாது. அப்படித்தான் அந்த முதல் நாள் காலை. ஐஸ், மருந்து, பஸ் செலவு எல்லாம் சேர்த்து வீட்டுக்கு 25 ரூபாய் ஆனது. 73 கோழிக்கும் போட்டு முடிக்க முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மிச்ச மருந்தைக் குப்பியோடு கொதிக்கவைத்துக் கொட்டினோம். பெரிய கோழிகளுக்கு ஊசியைப் பிப்ரவரி முகாமில் போட்டுக்கொண்டோம். அதற்குப் பிறகு 3 வருடம் ஆகிறது. எங்கள் ஒன்பது வீட்டிலும் வெள்ளைக் கழிச்சல் வரவில்லை.

நோய் என்றதும் பறவைக் காய்ச்சலைப் பற்றிக் கேட்பார்கள். இந்தியாவில் 2006இல் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் முதலில் வந்தது, கேரளத்தில் ஆலப்புழைப் பக்கம் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. பயம் நியாயமானது. நாங்கள் தண்ணீர்ச் சட்டியில் காகம் வாய் வைக்காதபடி கூண்டுக்குள்ளேயே வைக்கிறோம். கூண்டுக்குப் போக ஒரு தனிச் செருப்பு. திரும்பியதும் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறோம். குழந்தைகள் குஞ்சைத் தூக்கி முத்தம் கொடுக்க வந்தால் கண்டிப்பாகத் தடுக்கிறோம். மொத்தமாகக் கோழிகள் திடீரென்று செத்தால் மறைக்காமல் கால்நடை மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும் என்று எங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

வருமானத்தைப் பற்றியும் உள்ளபடி சொல்லிவிடுகிறேன். சிறுவிடைப் பெட்டை வருடத்துக்கு 60 முதல் 80 முட்டை வைக்கும். நாமக்கல் பண்ணைக் கோழி 300க்கு மேல் வைக்கும். அதனோடு போட்டி போட முடியாது. 10 பெட்டை வைத்திருந்தால் வருடத்துக்கு 700 முட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் பாதி, மீதி 350ஐ 15 ரூபாய்க்கு விற்றால் 5,250 ரூபாய். ஒரு கோழிக்கு நாளைக்கு 70, 80 கிராம் தீனி வேண்டும். காந்தி மார்க்கெட்டில் வாங்கும் குருணையும் கம்பும் அந்தப் பணத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். முட்டை விற்று நகரத்தில் யாரும் முன்னேறப் போவதில்லை. மாதம் இவ்வளவு லாபம் என்று ஆசை காட்டுகிற வீடியோக்களைப் பார்த்து வேலையை விட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

கொஞ்சம் காசு பார்ப்பது குஞ்சில்தான். இரண்டு சொட்டும் போட்ட, ஒரு மாதம் தாண்டிய குஞ்சை 100 ரூபாய்க்குக் கொடுக்கிறேன். 12 முட்டை வைத்தால் 9 பொரிக்கும், 7 தேறும். ஒரு மாதக் குஞ்சுதான் ஆபத்தைத் தாண்டிய குஞ்சு. முதல் மூன்று வாரம் பெருச்சாளியும் பூனையும் குளிரும் சேர்ந்து துரத்தும். பெருச்சாளிக்காகவே கூண்டின் அடியில் கோழிவலைக்குப் பதிலாகச் சிறுகண் இரும்புவலை அடித்தோம். குண்டு பல்பு வைத்துக் குஞ்சைத் தனியே வளர்த்தால் தாய் சீக்கிரம் மறுபடி முட்டைக்கு வந்துவிடும். விவரம் தெரிந்தவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். எங்கள் வீட்டில் அத்தை விடவில்லை. குஞ்சுகள் தாயின் இறக்கைக்குள்ளிருந்து தலையை நீட்டுவதைப் பார்க்கத்தான் அவர் சந்தில் நாற்காலி போட்டிருக்கிறார்.

தீனிச் செலவைக் குறைத்தது தெருதான். ஒன்பது வீட்டிலும் கீரைத்தண்டு, காய்த்தோல், அரிசி களைந்த நொய் சேர்த்து வைக்கிறார்கள். கோழி இல்லாத வீடுகளும் இப்போது கொடுக்கின்றன. உப்புப் போட்ட குழம்புச்சோறும் பூசணம் பிடித்த கடலைப்பிண்ணாக்கும் மட்டும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், இரண்டும் கோழியைக் கொல்லும். முருங்கைக்கீரை கொல்லையிலேயே இருக்கிறது. கறையான் பிடிக்கும் வித்தையை அத்தை சொல்லிக்கொடுத்தார். பழைய பானையில் சாணமும் கோணிக்கிழிசலும் ஈரமாக அடைத்து ராத்திரி மண்ணில் கவிழ்த்து வைத்தால் காலையில் பானை நிறையக் கறையான். குஞ்சுக்கு அதைவிட நல்ல தீனி கிடையாது. நகரத்தில் எல்லா மண்ணிலும் வராது. எங்கள் முருங்கையடியில் வருகிறது.

நாற்றம் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். ஐப்பசி மழையில் கூளம் நனைந்தால் ஒரே நாளில் கண் எரியும் நெடி கிளம்பிவிடும். ஈரம்தான் காரணம், கோழி காரணமில்லை. தேங்காய்நார்த் தூளும் கடலைத்தொலியும் அரையடி உயரத்துக்குப் போட்டு வாரம் இருமுறை கிளறி, ஈரம் கண்ட இடத்தில் சுண்ணாம்புத் தூள் தூவுகிறோம். பழைய கூளத்தைச் சருகோடு சேர்த்து மூன்று மாதம் மக்கவைத்தால் மாடித்தோட்டக்காரர்கள் வந்து வாங்கிப்போகிறார்கள். மக்காமல் போட்டால் செடி கருகிவிடும்.

பக்கத்து வீட்டு அம்மாவின் பேத்தி போன வைகாசியில் பெரிய மனுஷி ஆனாள். அந்த அம்மா வந்து, “உங்க கோழி முட்டைதான் வேணும்” என்றார். நல்லெண்ணெயோடு நாட்டுக்கோழி முட்டை கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நாட்டு முட்டையில் அதிசயச் சத்து இருப்பதாக நான் சொல்ல மாட்டேன். ஓட்டின் நிறத்தில் சத்து மாறுவதில்லை, கருவின் மஞ்சள் கோழி தின்ற கீரையைப் பொறுத்தது. ஆனால் காலையில் இட்ட முட்டை காலையிலேயே அடுத்த வீட்டுக்குப் போவது நகரத்தில் வேறு எதில் நடக்கிறது? பச்சையாகக் கொடுக்க வேண்டாம், அரைவேக்காடாவது வையுங்கள் என்று சொல்லி 16 நாளும் முட்டை கொடுத்தேன். காசு வாங்கவில்லை. சேவலை அனுப்பியதற்கு அவர்கள் வீட்டிலிருந்து எனக்குக் கிடைத்தது அதைவிட அதிகம். மழை நாளில் நாங்கள் ஊருக்குப் போனால் அந்தப் பையன்தான் கூண்டுக்குப் படுதா இழுத்து மூடுகிறார்.

இப்போது நோட்டில் 12 வீடு. கோழி 96. இன்னும் ஐந்து சேர்ந்தால் ஒரு குப்பி போதாது, இரண்டு காலையாகப் பிரிக்க வேண்டும். பின்தெரு வீட்டில் பொரித்த குஞ்சுகளுக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை 28ஆம் நாள். சனிக்கிழமை மாலை ஐஸ் வாங்கி வைக்க வேண்டும், தூக்குவாளியை மூலைவீட்டு அக்காவிடமிருந்து திரும்ப வாங்க வேண்டும்.